ஒரு மூக்குத்தி தந்த மகான்! கர்நாடக இசையின் தந்தை ஸ்ரீபுரந்தரதாசர்

மாலை நேரம். விளக்கேற்றி, ஸ்வாமிக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு நிமிர்கிறோம். பக்கத்து வீட்டிலோ எதிர் ஃப்ளாட்டிலோ ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்று, பாட்டு டீச்சரின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி ஸரிகமபதநி என்று ஏறி, அப்படியே இறங்குகிற சத்தம் காதில் விழுகிறது.

சென்னையிலும் மதுரையிலும் இதே பாடம்தான். பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் இதே வரிசைதான். கடல் கடந்து சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் நம் பிள்ளைகள் பாட்டுப் படிக்கும் வீடுகளிலும் இதே ஸ்வரங்கள்தான். டிசம்பர் சீஸனில் சபாக்களை நிரப்புகிற வித்வான்களும் விதுஷிகளும் ஒரு காலத்தில் இந்த முதல் படியில் கால் வைத்துத்தான் ஏறினார்கள்.

அந்தப் படியைக் கட்டி வைத்த மகான், ஸ்ரீபுரந்தரதாசர். கர்நாடக சங்கீத பிதாமகர் என்று இசை உலகம் அவரைக் கைகூப்பி வணங்குகிறது. ஆனால், அவர் சங்கீதப் பரம்பரையில் பிறந்தவர் அல்லர். நகை வியாபாரமும் வட்டித் தொழிலும் செய்தவர். கையை விட்டு ஒரு காசு போனாலும் தூக்கம் வராத மனிதர்!

அவரை மாற்றியது யார்? அவருடைய மனைவி. எதைக் கொண்டு மாற்றினார்? ஒரு வைர மூக்குத்தியைக் கொண்டு!

நவகோடி நாராயணர்

விஜயநகரப் பேரரசு செழித்திருந்த காலம் அது. வரதப்ப நாயக்கர் என்ற செல்வந்தருக்கும் அவர் மனைவி லீலாவதிக்கும் வெகுகாலம் குழந்தை இல்லை. திருமலை வேங்கடவனை வேண்டிக்கொண்டார்கள். பெருமாளின் அனுக்ரஹத்தால் 1484-ம் ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. பெருமாளின் திருநாமத்தையே சூட்டி, ஸ்ரீநிவாசன் என்று அழைத்தார்கள்.

மகாராஷ்டிராவில் புனே அருகே இருக்கும் புரந்தரகட் என்ற இடமே அவர் அவதரித்த ஊர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கர்நாடகாவின் மலைநாட்டில், தீர்த்தஹள்ளி பகுதியில் பிறந்தவர் என்று சொல்பவர்களும் உண்டு. எந்த ஊராக இருந்தால் என்ன... பிற்பாடு அவர் பாட்டு ஒலிக்காத ஊரே தென்னாட்டில் இல்லை என்றாகிவிட்டது!

ஸ்ரீநிவாசன் கன்னடமும் சம்ஸ்கிருதமும் கற்றார். உரிய வயதில் சரஸ்வதிபாய் என்ற குணவதியைக் கைப்பிடித்தார். அப்பாவுக்குப் பிறகு தொழில் அவர் கைக்கு வந்தது. தங்கம், வைரம், அடகு, வட்டி என்று எல்லாமே அவர் கையில் பெருகியது. நவகோடி நாராயணர் என்று ஊரே சொல்லும் அளவுக்குப் பணம் சேர்ந்தது.

பணம் சேரச் சேர மனசு சுருங்கியது. வாசலில் யாராவது உதவி கேட்டு நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்தி நிறைந்த சரஸ்வதிபாய்க்கு இது பெரும் வேதனை. கணவரை எதிர்த்துப் பேசவும் முடியாது. வந்தவர்கள் வெறுங்கையோடு போவதைப் பார்க்கவும் முடியாது. பூஜை அறையில் பெருமாளிடம் மட்டும் சொல்லி அழுவார்.

அந்த அழுகை வீண் போகவில்லை. பெருமாளே புறப்பட்டு வந்தார்.

வாசலில் வந்த முதியவர்

ஒருநாள் கடை வாசலில் ஏழை அந்தணர் ஒருவர் வந்து நின்றார். வயதானவர், கந்தல் வேஷ்டி, ஒட்டிய வயிறு. பிள்ளைக்குப் பூணூல் போட வேண்டும், கையில் ஏதும் இல்லை, உதவ வேண்டும் என்று கேட்டார். நாளைக்கு வரும்படி சொன்னார் நாயக்கர். மறுநாள் வந்தார். மறுபடியும் நாளைக்கு! இப்படியே ஆறு மாதம் நடையாய் நடந்தாராம் அந்த முதியவர்.

கடைசியில் ஒருநாள் தொல்லை தாங்க மாட்டாமல், கடையில் செல்லாமல் கிடந்த தேய்ந்த காசுகளை எடுத்துக் கொட்டி, இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார் நாயக்கர்.

முதியவர் போனார். நேராக அவர் வீட்டுக்கே போனார்!

அங்கே சரஸ்வதிபாய் இருந்தார். முதியவரின் கதையைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் எதைக் கொடுப்பது? வீட்டில் இருப்பதெல்லாம் கணவருடையது. அவரைக் கேட்காமல் ஒரு மணி அரிசிகூடக் கொடுக்கும் உரிமை தனக்கு இல்லை என்று தயங்கினார். அப்போது அந்த முதியவரே, பிறந்த வீட்டுச் சீதனமாக வந்தது ஏதாவது இருக்குமே என்று எடுத்துக் கொடுத்தார்.

சரஸ்வதிபாயின் கை தானாக மூக்குக்குப் போனது. அம்மா வீட்டில் போட்டு அனுப்பிய வைர மூக்குத்தி! அது அவருக்கே உரியது. ஒரு கணமும் யோசிக்கவில்லை. கழற்றி முதியவர் கையில் வைத்து, நமஸ்கரித்தார்.

நம் வீடுகளில் மூக்குத்தியை அத்தனை சுலபத்தில் கழற்ற மாட்டோம். சுமங்கலியின் முகத்துக்கு அது ஒரு விளக்கு மாதிரி. கழற்றினால் அடுத்த நிமிஷமே வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். கணவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும். பயம் இருந்தும் கொடுத்தார் பாருங்கள்... அதுதான் தானம்!

கிண்ணத்தில் விழுந்த மூக்குத்தி

மூக்குத்தியை வாங்கிக்கொண்ட முதியவர் எங்கே போனார் தெரியுமா? மறுபடியும் நாயக்கரின் கடைக்கே! இதை வைத்துக்கொண்டு பணம் தர வேண்டும் என்று நீட்டினார்.

நாயக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைரத்தைப் பார்த்தே பழகிய கண்கள். சொந்த மனைவியின் மூக்குத்தி தெரியாமல் போகுமா? முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், முதியவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மூக்குத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வேகமாக வீட்டுக்கு வந்தார்.

மனைவியின் மூக்கு வெறுமையாக இருந்தது. மூக்குத்தி எங்கே என்று கேட்டார். திருகாணி தளர்ந்துவிட்டது, உள்ளே கழற்றி வைத்திருக்கிறேன் என்றார் சரஸ்வதிபாய். உடனே எடுத்து வரும்படி கோபத்தோடு சொன்னார் நாயக்கர்.

பூஜை அறைக்குள் போன சரஸ்வதிபாய்க்கு உலகமே இருண்டது. கணவருக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்பதைவிட உயிரை விடுவதே மேல் என்று தோன்றிவிட்டது. கிண்ணத்தில் விஷத்தைக் கலந்து, கண்ணீரோடு பெருமாளை நினைத்து, உதட்டருகே கொண்டுபோனார்.

டங்கென்று ஒரு சத்தம். கிண்ணத்துக்குள் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால்... அதே மூக்குத்தி!

உடல் நடுங்க, அதைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார். நாயக்கர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அதே கல், அதே வேலைப்பாடு. கடைக்கு ஓடினார். போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தால், பெட்டி காலி! முதியவரை ஊரெல்லாம் தேடினார்கள். எங்கும் இல்லை. மறுநாளும் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் உண்மையைக் கேட்டார் நாயக்கர். நடந்தது அத்தனையும் சொன்னார் அவர். வந்து நின்றது யார் என்பது அப்போதுதான் நாயக்கருக்குப் புரிந்தது. ஆறு மாத காலம் தினமும் தன் வாசலுக்கு வந்த பெருமாளை, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறோமே! தன் கண்ணுக்குத் தெரியாத கடவுள், தானம் செய்த மனைவியின் கண்ணீருக்கு இரங்கினாரே!

அன்றே முடிவெடுத்தார். அத்தனை சொத்தையும் வாரி வழங்கினார். நவகோடி நாராயணர், ஒற்றைத் தம்பூராவோடு வீதியில் இறங்கினார். நடந்ததெல்லாம் நல்லதற்கே என்றும், தன்னைத் தம்பூராவைப் பிடிக்க வைத்த மனைவியின் குலம் வாழ வேண்டும் என்றும் பிற்காலத்தில் அவரே ஒரு பாட்டில் நன்றி சொல்லியிருக்கிறார். உலகமே குருவாகக் கொண்டாடும் ஒருவர், தன் மனைவிக்கு நன்றி சொல்லிப் பாடினார் என்றால், அந்தப் புண்ணியவதியின் பெருமையை என்னென்பது!

குருவின் திருவடியில்...

மனைவி, குழந்தைகளோடு புறப்பட்டார் ஸ்ரீநிவாசர். காட்டு வழி. இருட்டத் தொடங்கியது. சரஸ்வதிபாய்க்குத் திருடர் பயம். எதுவுமே இல்லாத நமக்கு எதற்குப் பயம் என்று கேட்டார் ஸ்ரீநிவாசர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சிறு தங்கப் பாத்திரத்தை எடுத்து வந்ததை ஒப்புக்கொண்டார் மனைவி. அதை வாங்கித் தூர எறிந்தார் அவர். பயமும் அதோடு போயிற்று! மூக்குத்தியைக் கொடுத்து மனைவி கணவருக்குப் பாடம் சொன்னார். தங்கத்தை எறிந்து கணவர் மனைவிக்குப் பாடம் சொன்னார். தாம்பத்யம் என்பது இதுதானே!

அவர்கள் வந்து சேர்ந்த இடம் விஜயநகரம். இன்றைய ஹம்பி. அங்கே ஸ்ரீவியாஸராஜர் எழுந்தருளியிருந்தார். மத்வ சம்பிரதாயத்தின் மாபெரும் ஆசார்யர்; மாமன்னர் கிருஷ்ணதேவராயர் குருவாகப் போற்றி வணங்கிய மகான். யமுனா கல்யாணி ராகத்தில், குட்டிக் கண்ணனைக் கொஞ்சிக் கூப்பிடும் புகழ்பெற்ற கன்னடப் பாட்டு ஒன்றை நாமெல்லாம் கச்சேரிகளிலும் நாட்டியத்திலும் ரசித்திருக்கிறோம் அல்லவா... அதைப் பாடியவர் இந்த வியாஸராஜர்தான்.

1525-ம் ஆண்டு, தமது 40 வயதுவாக்கில், வியாஸராஜரிடம் தாச தீட்சை பெற்றார் ஸ்ரீநிவாசர். புரந்தர விட்டலன் என்ற முத்திரையைக் குரு அருளினார். அன்று முதல் அவர் பாடிய பாடல்கள் எல்லாம் அந்தத் திருநாமத்தோடு முடிந்தன. அவரும் புரந்தரதாசர் ஆனார். நாரத மகரிஷியின் அம்சம் என்று தாசரைக் கொண்டாடுவார்கள் பக்தர்கள். சீடரின் பெருமையைக் குருவே பாட்டாகப் பாடி, தாசர் என்றால் அவர்தான் என்று புகழ்ந்தார் என்றால் வேறென்ன வேண்டும்?

காலில் சலங்கை, கழுத்தில் துளசிமாலை, கையில் தம்பூரா. விடியற்காலையில் வீதியில் பாடிக்கொண்டே போவார். கிடைக்கிற அரிசியே அன்றைய சாப்பாடு. மறுநாளுக்கு என்று ஒரு பிடிகூட எடுத்து வைப்பதில்லை. உஞ்சவிருத்தி என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு காலத்தில் வாசலில் நின்றவரை விரட்டியவர், இப்போது வாசல் வாசலாகப் போய் நின்றார்!

அரிசியில் கிடந்த கற்கள்!

இவருடைய வைராக்கியம் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க மன்னருக்கு ஆசை வந்ததாம். குருவிடம் சொன்னார். அரண்மனையில் தாசருக்குப் போடும் அரிசியில் ரத்தினக் கற்களைக் கலந்து போட ஏற்பாடாயிற்று. தாசரும் தினமும் வந்து வாங்கிக்கொண்டு, புன்னகையோடு போய்க்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, ஆசை யாரை விட்டது என்று நினைத்தார் மன்னர்.

சில நாள் கழித்து, குருவும் மன்னரும் தாசரின் குடிசைக்குப் போனார்கள். அங்கே சரஸ்வதிபாய் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் வருகிற அரிசியில் ஒரே கல்லாக இருக்கிறது, பொறுக்கி மாளவில்லை என்று சலித்துக்கொண்டார். பொறுக்கிய கற்கள் எங்கே என்று கேட்டார்கள். மூலையைக் காட்டினார். அங்கே குப்பையோடு குப்பையாகக் குவிந்து கிடந்தன அத்தனை ரத்தினங்களும்!

வைரத்தைப் பார்த்ததும் தன் கடைச் சரக்கு என்று கண்டுபிடித்த வீடு, இப்போது வைரத்தையும் கல்லையும் ஒன்றாகப் பொறுக்கி எறிகிற வீடாகிவிட்டது. மன்னர் கை குவித்து வணங்கினார் என்று முடிகிறது அந்தக் கதை.

பிதாமகர் ஆனது எப்படி?

சரி, பக்தர்கள் பலர் உண்டு. பாட்டுப் பாடிய மகான்களும் நிறைய உண்டு. தாசருக்கு நூற்றாண்டுகள் முன்பே நம் தமிழ் மண்ணில் தேவாரம் பண்ணோடு ஒலித்தது. திருவாய்மொழி ஒலித்தது. சாமவேதத்திலேயே சங்கீதம் இருக்கிறது. அப்படியிருக்க, புரந்தரதாசரை மட்டும் ஏன் பிதாமகர் என்கிறோம்?

அவர் சங்கீதத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. அதற்குள் நுழைய வாசல் வைத்தார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

கோலம் சொல்லிக்கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் 21 புள்ளிச் சிக்குக் கோலத்தைக் குழந்தையிடம் காட்டினால் மிரண்டுபோகும். முதலில் நாலு புள்ளி வைத்து, சின்னதாக ஒரு சுழி போடச் சொல்வோம். கை பழகியதும் ஏழு புள்ளி, ஒன்பது புள்ளி என்று கூட்டுவோம். தாசர் சங்கீதத்துக்கு இதைத்தான் செய்தார்.

முதலில் சரளி வரிசை. ஏழு ஸ்வரங்களையும் நேராக ஏறி, நேராக இறங்குவதில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாடும் பயிற்சி. அடுத்தது ஜண்டை வரிசை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாடுவது. குரலுக்கு வலு வருவது இதில்தான். அதன் பிறகு அலங்காரம். துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற 7 தாளங்களும் இதில் கைக்கு வந்துவிடும். இவை எல்லாம் படிந்த பிறகு, சாகித்யத்தோடு கூடிய எளிய கீதம். இந்தப் பாடத்திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் புரந்தரதாசரே என்று இசை மரபு போற்றுகிறது.

பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த ராகம் மாயாமாளவகௌளை. இதில்தான் எத்தனை நுட்பம்! ஏழு ஸ்வரங்களை இரண்டு பாதியாகப் பிரித்தால், ஸ, ரி, க, ம என்ற முதல் பாதியில் எந்த அளவில் இடைவெளிகள் அமைந்திருக்கின்றனவோ, அதே அளவில்தான் ப, த, நி, மேல் ஸ என்ற இரண்டாம் பாதியிலும் அமைந்திருக்கின்றன. ஸ-வை ஒட்டி ரி. ப-வை ஒட்டி த. அதே மாதிரி க-வை ஒட்டி ம. நி-யை ஒட்டி மேல் ஸ. ஒரு பாதியைக் குழந்தை பிடித்துக்கொண்டால், மறுபாதியும் பிடிபட்டுவிடும். காலை வேளையில் இதைச் சாதகம் செய்தால் மனசும் குளிர்ந்துவிடும்.

அடுத்து வரும் முதல் கீதங்களை மலஹரி ராகத்தில் அமைத்தார். மலஹரி, மாயாமாளவகௌளையிலிருந்து பிறந்த ராகம். ஏற்கெனவே குழந்தையின் நாக்கில் பழகிய ஸ்வரங்களே திரும்பி வருகின்றன. அதனால் பயம் இல்லை. அந்தக் கீதங்களில் முன்னால் நிற்பவர் யார்? நம் பிள்ளையார்தான்! விநாயகரைத் துதித்து ஆரம்பிப்பதால் இவற்றைப் பிள்ளாரி கீதங்கள் என்றே சொல்கிறார்கள்.

அவர் நினைத்திருந்தால் பெரிய வித்வான்கள் மட்டுமே பாடக்கூடிய உருப்படிகளோடு நிறுத்தியிருக்கலாம். ராஜ சபையில் பொன்னாடையும் பொற்காசும் வந்து குவிந்திருக்கும். ஆனால், ஒன்றும் தெரியாத குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். கேட்டு வந்தவருக்குச் செல்லாக் காசு கொடுத்த அதே கை, கேட்கத் தெரியாத குழந்தைக்கும் தங்கத்தை அள்ளிக் கொடுத்தது!

எல்லோருக்கும் புரிகிற பாட்டு

தாசர் பாடியது பேச்சுவழக்குக்கு நெருக்கமான எளிய கன்னடத்தில். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணுக்கும், குழந்தையைத் தாலாட்டும் தாய்க்கும், சந்தையில் நிற்கும் வியாபாரிக்கும் புரியும். வேதமும் உபநிஷதமும் சொல்லும் சாரத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். கண்ணன் வெண்ணெய் திருடியதும், யசோதை தேடி அலைந்ததும் அவர் பாட்டில் நம் வீட்டுச் சம்பவம் போலவே இருக்கும்.

சமூகத்தைத் தட்டிக் கேட்கவும் அவர் தயங்கவில்லை. தீட்டு என்பது பிறப்பில் இல்லை. நடத்தை கெட்டவனிடத்தில்தான் இருக்கிறது என்று பாடினார். மனசு சுத்தமாகாமல் வெறும் வெளிவேஷம் போடுவதால் என்ன பயன் என்று கேட்டார். அவரே ஒரு காலத்தில் மனசைப் பூட்டி வைத்திருந்தவர் என்பதால், அந்தக் கேள்விக்குத் தனி பலம் இருந்தது.

அவர் பாடியவை மொத்தம் 4,75,000 என்கிறது சம்பிரதாயம். ஐந்து லட்சம் பாட வேண்டும் என்பது அவர் சங்கல்பம் என்றும், மிச்சமிருந்த 25,000 பாடல்களைப் பின்னாளில் விஜயதாசர் பாடி நிறைவேற்றினார் என்றும் சொல்வார்கள். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை சுமார் ஆயிரம்தான்.

வெள்ளிக்கிழமையானால் நம் வீடுகளில் மகாலட்சுமியை அழைத்துப் பாடுகிறோமே, பாக்யாத லக்ஷ்மி பாரம்மா... அதுவும் தாசர் தந்ததே! வீட்டிலிருந்த லட்சுமியை எல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு வந்த மகான் பாடிய பாட்டு அது. இனி அதைப் பாடும்போது இதையும் நினைத்துக்கொண்டால், தாயார் எப்படிப்பட்ட மனசைத் தேடி வருகிறாள் என்பது புரிந்துவிடும்.

காவிரிக் கரையில் துங்கபத்திரை!

துங்கபத்திரைக் கரையில் பிறந்த பாட்டு காவிரிக் கரைக்கும் வந்தது. 1767-ம் ஆண்டு திருவாரூரில் அவதரித்த ஸ்ரீதியாகராஜ ஸ்வாமிகளுக்கு, அவருடைய அம்மா சீதம்மா சொல்லிக்கொடுத்தவற்றில் புரந்தரதாசரின் பாடல்களும் உண்டு. பிஞ்சு வயதில் அம்மா ஊட்டியது எப்படி மறக்கும்? தியாகராஜர் தாம் இயற்றிய பிரஹ்லாத பக்தி விஜயம் என்ற இசை நாடகத்தில் புரந்தரதாசருக்கு வந்தனம் செலுத்தியிருக்கிறார். தாசரைப் போலவே ராஜ சபையை வேண்டாம் என்று ஒதுக்கி, உஞ்சவிருத்தி செய்தே வாழ்ந்தார்.

பிதாமகர் என்றால் தாத்தா என்று பொருள். சங்கீத மும்மூர்த்திகள் தோன்றுவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே பாதை போட்டு வைத்தவரை வேறு எப்படி அழைப்பது?

நம் காலத்துக்கு வந்தால், தமிழகக் கச்சேரி மேடையில் தாசரின் பாடல்களைப் பரவலாக ஒலிக்கச் செய்தவர் சங்கீத கலாநிதி எம்.எல்.வசந்தகுமாரி. அதற்கு வித்திட்டவர் அவருடைய தாயார் லலிதாங்கி. தாசரின் பாடல்களைத் தேடிக் கற்று, புத்தகமாகவும் கொண்டுவந்தவர் அவர். இங்கேயும் பாருங்கள், ஒரு தாய் கொடுத்து, மகள் வாங்கி, நமக்கெல்லாம் கிடைத்திருக்கிறது! தாசரின் நினைவாக 1964-ம் ஆண்டு இந்திய அரசு தபால்தலையும் வெளியிட்டது.

நகரம் அழிந்தது... பாட்டு நின்றது!

புரந்தரதாசர் இறைவன் திருவடி சேர்ந்தது 1564-ம் ஆண்டு, புஷ்ய மாதத்து அமாவாசை நாளில் என்கிறது மரபு. அடுத்த ஆண்டே, 1565-ல் தலைக்கோட்டைப் போர் நடந்தது. விஜயநகரம் வீழ்ந்தது. வைரத்தையும் முத்தையும் தெருவில் குவித்து விற்றதாகப் புகழப்பட்ட நகரம், இடிபாடாயிற்று. தாசர் கண்ணாரக் கண்டு உருகிய விட்டலர் கோயிலின் கருவறையில் இன்று மூலவர் இல்லை. கல் தேரும், தட்டினால் நாதம் எழுப்பும் தூண்களும் மட்டுமே அந்தப் பொற்காலத்தின் சாட்சியாக நிற்கின்றன.

தாசரின் பாடல்களிலும் பெரும்பகுதி போய்விட்டது. கிடைத்தவற்றிலும், அவர் பாடிய அதே மெட்டு நமக்கு வந்து சேர்ந்தவை மிகக் குறைவு. இன்று நாம் கேட்கும் மெட்டுகள் பலவும் பின்னால் வந்தவர்கள் அமைத்தவை.

ஆனால் எது பிழைத்தது தெரியுமா? குழந்தைகளுக்காக அவர் அமைத்தவைதான்! சரளி வரிசையும், ஜண்டை வரிசையும், அலங்காரமும், பிள்ளையார் கீதமும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கின்றன. குரு சிஷ்யனுக்குக் கொடுத்தார். அம்மா பெண்ணுக்குக் கொடுத்தாள். தாசர் பெட்டியில் வைத்துப் பூட்டிய மூக்குத்தி, பெட்டிக்குள் நிற்கவில்லை. அவர் அடுத்தவருக்கு என்று கொடுத்தது, 450 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. பூட்டி வைத்தது போய்விடும், கொடுத்தது நிலைக்கும். தாசரின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்!

தை அமாவாசையில் தாசர் ஆராதனை

ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு அருகே, துங்கபத்திரைக் கரையில் புரந்தரதாசர் மண்டபம் இருக்கிறது. சின்னஞ்சிறு கல் மண்டபம். அணையில் இருந்து நீர் அதிகமாகத் திறக்கும் நாட்களில் ஆறு இந்த மண்டபத்தையே மூழ்கடித்துவிடும். வெள்ளம் வடிந்ததும் மண்டபம் பழையபடி தலை தூக்கி நிற்கும்! பெங்களூரிலிருந்து ஹொசபேட்டைக்கு ரயிலில் போய், அங்கிருந்து சுமார் 13 கி.மீ. பயணித்தால் ஹம்பி. நித்ய பூஜை நடைபெறும் விரூபாட்சர் கோயிலைத் தரிசித்துவிட்டு, தாசர் மண்டபத்துக்கும் போய் வரலாம்.

தாசரின் ஆராதனை நாள், நாம் முன்னோர்களை வணங்கும் தை அமாவாசையை ஒட்டி வருகிறது. திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் ஆராதனை நடைபெறுவது புஷ்ய பகுள பஞ்சமியில். அதே தேய்பிறையில், பத்து நாள் கழித்துத் தாத்தாவுக்கு ஆராதனை! ஹம்பியிலும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தாச சாகித்ய திட்டத்தின் சார்பில் திருமலையிலும் இந்த நாளைச் சிறப்பாகக் கொண்டாடுகிறார்கள்.

அன்று மாலை நம் வீட்டிலும் விளக்கேற்றி, பெருமாள் படத்துக்கு முன் துளசி சாத்தி, தெரிந்த ஒரு தாசர் பாட்டைப் பாடலாம். பாட்டுப் படிக்கிற குழந்தை இருந்தால், சரளி வரிசையின் முதல் வரிசையைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். இயன்றால், ஏழைக் குழந்தை ஒன்றின் படிப்புக்கோ பாட்டு வகுப்புக்கோ நம்மால் முடிந்ததைக் கொடுக்கலாம். பெரிய தொகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நமக்கே உரியதாக, மனசாரக் கொடுப்பதாக இருந்தால் போதும்.

நம் வாசலிலும் என்றாவது ஒரு முதியவர் வந்து நிற்கலாம். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும் முன், ஒருமுறை சரஸ்வதிபாயை நினைத்துக்கொள்வோம். புரந்தர விட்டலனின் அருள் நம் இல்லங்களில் நாதமாக நிறையட்டும்!